ஊருக்கு வெளியே இன்னொரு சேரியா?

(பாலவாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வீட்டு வசதியைப் பற்றியும், வீடில்லாதவர்களுக்காக நகர மன்றம் செய்யவேண்டிய காரியங்களைப் பற்றியும் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். நாம் இஞ்சினீயர் அல்ல. ஆனால், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அதுபோல, ஒண்ட இடமில்லாமல் திண்டாடுகிறவனுக்கும், வாடகைக்குப் பயந்து மாதாமாதம் மூட்டை கட்டுகிறவனுக்கும் இதைப் பற்றிப் பேச இஞ்சினீயரைவிட அதிக உரிமை உண்டு என்பது நமது அபிப்பிராயம். அவர்கள் சார்பாகவே இன்று நாம் பேசுகிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டு விடாதீர்கள். வீட்டிற்குப் போய் ஆற அமர யோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டதை வைத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இந்தப் பாலவாக்கத்தையே எடுத்துக் கொள்ளுவோம். கிழக்கே கடல்; கடலோரத்தில் மீன்பிடிக்கும் தோழர்களின் குப்பம். நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். இந்த ஒடுங்கிய நிலத்திலே பங்களாக்களும், அடுக்கு மாடிகளும், கடற்காற்றுக்கென்றே கட்டிய வீடுகளும் நிறைந்து போயின. சந்தோஷம், கட்டட்டும். ஆனால், அந்த வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார் இராத்திரி எங்கே படுக்கிறார்? மண் சுமந்த சித்தாள் எங்கே சமைக்கிறார்? பாத்திரம் தேய்க்கிற அம்மாளும், வாசலில் காவலிருக்கிற பெரியவரும் எத்தனை மைல் தாண்டி வருகிறார்கள்? குப்பத்திலே ஒரே வீட்டில் தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை நெருக்கிக் கொண்டு கிடக்கிறதே, அந்தப் பேரனுக்குக் கலியாணமானால் அவன் எங்கே போவான்? வீடு கட்டியவனுக்கு வீடில்லை. வீட்டைக் காக்கிறவனுக்கு வீடில்லை. இது எப்படி வந்தது என்று யாராவது யோசித்ததுண்டா?

தலையெழுத்தா?

கேட்டால் என்ன சொல்லுகிறார்கள்? "அவனவன் தலையெழுத்து" என்கிறார்கள். தோழர்களே! நடைபாதையில் படுத்திருப்பவனுடைய தலையை எந்த டாக்டர் பார்த்தாலும் அங்கே எழுத்து ஒன்றும் இருக்காது, கொசுக்கடிதான் இருக்கும். வாஸ்து பார்த்து, வாசற்படி எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு திசையும் வாசலாக, ஆகாயமே கூரையாக மேம்பாலத்தின் கீழே கிடக்கிறவனுக்கு எந்த வாஸ்து? நிலத்தின் விலையும், கூலியின் அளவும், சர்க்காரின் சட்டமும் மனிதன் செய்தவை. மனிதன் செய்ததை மனிதன் மாற்ற முடியும். தலையெழுத்து என்று சொல்லுவதெல்லாம், மாற்ற மனமில்லாதவன் தேடிக் கொண்ட சாக்கே தவிர வேறில்லை.

எண்ணாமல் திட்டம் ஏது?

ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் கணக்கு வேண்டும். பந்திக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் உலை வைப்பவன் உண்டா? வீடில்லாதவர்களை எண்ணுவதற்கென்று 2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் ஓர் இரவு ஒதுக்கினார்கள். அது பிப்ரவரி 28-ந் தேதி இரவு. சாலையோரம், ரயில் நிலையம், கோயில் மண்டபம், மாடிப்படிக்குக் கீழே, பெரிய குழாய்களுக்குள்ளே படுத்திருந்தவர்களையெல்லாம் எண்ணினார்கள். இந்தியா முழுவதும் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று தொகை வந்தது. ஒரே இரவில் இருட்டிலே தேடி எண்ணியதில் அகப்பட்டவர்கள் இவ்வளவு. போலீசுக்குப் பயந்து இடம் மாறிப் படுத்தவர்களும், அன்று இரவு வேலைக்குப் போனவர்களும் அதில் சேர்ந்திருப்பார்களா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை எவ்வளவு என்று மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு 2012-ல் சொல்லியது: ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் வீடுகள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வேண்டியவை. அதே காலத்தில், 2011-ம் வருஷக் கணக்குப்படி, நகரங்களில் ஆள் குடியில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடிக்கு மேல்! ஒரு பக்கம் வீடில்லாத மனிதன். மற்றொரு பக்கம் மனிதனில்லாத வீடு. செங்கல்லும் சிமெண்டும் நாட்டில் இல்லாமற் போய்விடவில்லை என்பது இதனால் தெரியவில்லையா? கட்டுவதெல்லாம் விற்று லாபம் எடுப்பதற்காகவே தவிர, குடியிருக்க இடமில்லாதவனுக்காக அல்ல என்பதுதான் இதன் அர்த்தம்.

பழைய ஊர்த் திட்டம்

"நகரத் திட்டம்" என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, தோழர்களே! நம் ஊர்களுக்கு ஆதிகாலம் தொட்டே ஒரு திட்டம் இருந்து வந்திருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில், குளக்கரையில், நல்ல தண்ணீருக்கு அருகில் அக்கிரகாரம். அதற்கு அடுத்தாற்போல் ஊர். ஊரைத் தாண்டி, வயலைத் தாண்டி, பள்ளத்திலே சேரி. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைப் பிறப்பைக் கொண்டு தீர்மானித்து வைத்தார்கள். சேரியில் இருப்பவனுடைய உழைப்பு ஊருக்கு வேண்டும். அவனுடைய வீடு மட்டும் ஊருக்குள் வேண்டாம். இதுதான் அந்தத் திட்டத்தின் தத்துவம்.

இந்தப் பழைய திட்டத்தை ஒழித்து விட்டோமா? சட்டப் புத்தகத்தில் ஒழித்தோம். தரையிலே ஒழித்தோமா என்பதுதான் நாம் இன்று கேட்க வந்த கேள்வி.

வாரியம் செய்ததும் செய்யாததும்

செய்த நல்ல காரியத்தை நல்லது என்று சொல்லவேண்டும். 1970-ல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் ஏற்படுத்தப்பட்டது. 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. அப்பொழுது சென்னையில் எண்ணிப் பார்த்ததில் 1,202 குடிசைப் பகுதிகளும், அவற்றில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களும் இருப்பதாகத் தெரிந்தது. நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. கடலுக்குப் போகிறவன் கடலோரத்திலேயே இருந்தான். அவன் வலையும் படகும் அவன் கண்ணெதிரிலேயே கிடந்தன. பிறகு 1970-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் கடனைக் கொண்டு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறுசிறு மனைகளாகப் பிரித்து, தண்ணீர், சாக்கடை, ரோடு போட்டுக் கொடுத்து, மேற்கொண்டு உன் சக்திக்கு ஏற்றபடி வீட்டைக் கட்டிக்கொள் என்றார்கள். ஏழைகள் கட்டிக் கொண்டார்கள். ஏழைக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. நிலந்தான் இல்லை என்பது அதனால் ருஜுவாயிற்று.

அதற்குப் பின் என்ன நடந்தது? அந்தச் சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால், அங்கிருப்பவர்களை நினைத்தபோது வெளியேற்றி விட முடியாது; அதற்குரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். அப்படி ஒரு பாதுகாப்பு அதில் உண்டு. 1971-ல் 1,202 பகுதிகளை அறிவித்தவர்கள், 1985-ல் மேற்கொண்டு 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அத்துடன் அறிவிக்கும் வேலை பல்லாண்டுகள் நின்று போயிற்று. ஊர் பெருகிற்று, குடிசை பெருகிற்று, அறிவிப்பு மட்டும் பெருகவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குச் சட்டமும் இல்லை!

பிறகு 2000-ம் ஆண்டு தொட்டு, இடத்திலேயே கட்டுவது என்ற வழக்கம் பின்னுக்குப் போய், ஊருக்கு வெளியே அனுப்புவது என்ற வழக்கம் முன்னுக்கு வந்தது. நாம் நிற்கும் இடத்திலிருந்து கால்வாயைத் தாண்டிப் போனால் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். அதற்குத் தெற்கே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள்; பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியதற்குப் பிறகு, பட்டினப்பாக்கத்துப் பக்கத்திலிருந்து மக்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டு போனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு, அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்திற்கு ஏற்றினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எங்கே கொண்டு போய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலே! மழைக்காலத்தில் செம்மஞ்சேரித் தெருக்களில் தண்ணீர் நிற்கும் சேதியைப் பத்திரிகையில் நீங்கள் பார்த்ததில்லையா?

சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவளும், மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்தவளும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறினால், விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்? கூலியில் பஸ் சார்ஜ் போக மிச்சம் என்ன? பள்ளிக்கூடம் நடக்கும் காலத்திலேயே குடும்பத்தைப் பெயர்த்துக் கொண்டு போனால் பையன் எந்தப் பள்ளியில் பரீட்சை எழுதுவான்? "கண்ணகி நகர்க்காரனா?" என்று கேட்டு வேலை கொடுக்கத் தயங்குகிறவர்களைப் பற்றி அங்குள்ள வாலிபர்கள் சொல்லுகிறார்களே, அதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அங்கே போனவர்களில் பெரும்பகுதியார் யார்? தாழ்த்தப்பட்ட தோழர்களும், மற்ற உழைக்கும் ஏழைகளுந்தான். குடிசை போய்க் காங்கிரீட் வந்தது. ஆனால், ஊர் ஊராகவே இருக்கிறது, சேரி சேரியாகவே இருக்கிறது. முன்பு வயலுக்கு அப்பால் வைத்தான். இப்போது சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வைக்கிறான். முன்பு ஓலைக் கூரை. இப்போது எட்டு மாடி. வேறு என்ன வித்தியாசம்?

இதற்கு, "வீடு கொடுத்தாலும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து விடுகிறார்களே!" என்று நம் கனவான்கள் குறை சொல்லுகிறார்கள். ஏன் வருகிறான்? வீடு வேண்டாம் என்றா வருகிறான்? வீட்டைத் தின்ன முடியாது என்பதால் வருகிறான். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லியது. வாழும் உரிமை என்றால் அதில் பிழைக்கும் வழியும் அடங்கும்; வேலை பக்கத்தில் இருப்பதனால்தான் அவர்கள் நடைபாதையில் கிடக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றே தீர்ப்பின் முடிவு அமைந்தது. தத்துவம் ஏழைக்கு, தரை பணக்காரனுக்கு என்று ஆகிவிட்டது.

கேட்பாரில்லாத காலம்

இனி நகர மன்றத்தின் சங்கதிக்கு வருவோம். 1992-ல் செய்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று குறித்த வேலைகளில் குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதும், நகர வறுமையைப் போக்குவதும் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் நடப்பதென்ன? வீடு கட்டுவது வாரியம். 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். மற்றொரு வீட்டு வசதி வாரியம் 1961 முதல் இருக்கிறது. நகரத் திட்டம் போடுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஆற்றங்கரை நீர்வளத் துறையைச் சேர்ந்தது. குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சிக்கு. ஆளுக்கொரு துண்டாகப் பொறுப்பைப் பிய்த்துக் கொண்டதால், ஏழை போய்க் கேட்டால் "இது எங்களைச் சேர்ந்ததல்ல" என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

இந்தப் பாலவாக்கம் 2011 வரையில் தனி ஊராட்சியாக இருந்தது. அந்த வருஷந்தான் 42 உள்ளாட்சி மன்றங்களைச் சென்னையோடு சேர்த்தபோது நம்மையும் சேர்த்தார்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை அன்றோடு போயிற்று. அதன்பின் 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரையில் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது! ஆற்றங்கரை மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெரும்பாக்கத்திற்கு ஏற்றிய காலத்தில் பெரும்பகுதி இந்தக் காலந்தான் என்பதைக் கவனியுங்கள். வீட்டைப் பெயர்க்க அதிகாரி இருந்தார். ஏன் என்று கேட்க ஜனப் பிரதிநிதி இல்லை.

பணம் எங்கே?

"எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். ஒரு நகர மன்றம் செய்து காட்டிய காரியத்தைச் சொல்லுகிறோம். ஆஸ்திரியா தேசத்தில் வியன்னா என்ற நகரம். முதல் உலக யுத்தத்தில் நொந்து, பஞ்சத்தில் கிடந்த ஊர். 1923-ல் அந்த நகர மன்றம் ஒரு வீட்டு வரி போட்டது. சிறு வீட்டுக்காரனுக்குப் பெயருக்கு ஒரு வரி. மாளிகைக்காரனுக்கு ஏற ஏற வரி. அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60 ஆயிரத்துக்கு மேல் வீடுகளைக் கட்டியது. அவற்றில் கார்ல் மார்க்ஸ் மனை என்ற ஒரு கட்டடத்தில் மட்டும் 1,382 வீடுகள். துணி வெளுக்கும் இடம், குளிக்கும் இடம், குழந்தைகளுக்குப் பள்ளி, புத்தகசாலை எல்லாம் அதற்குள்ளேயே. அது எங்கே கட்டப்பட்டது தெரியுமா? ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்திலா? இல்லை. வசதி படைத்தவர்கள் வாழும் பகுதியில், ரயில் நிலையத்துக்கு எதிரே! அந்த மன்றத்தைப் பின்னால் துப்பாக்கி கொண்டு கலைத்தார்கள். கட்டிய வீடுகளைக் கலைக்க முடியவில்லை. இன்றைக்கும் அவ்வூர் ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நகர மன்றத்தின் வீடுகளிலோ அதன் உதவி பெற்ற வீடுகளிலோ குடியிருக்கிறார்கள்.

நம் தமிழர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரைப் பாருங்கள். 1961 மே மாதத்தில் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி தீப்பற்றி, சுமார் 16 ஆயிரம் பேர் தெருவில் நின்றார்கள். முந்திய வருஷந்தான் அங்கே வீட்டு வசதிக் கழகம் ஏற்பட்டிருந்தது. அது அவர்களைத் தூர தேசத்துக்கு ஓட்டவில்லை. தீப்பிடித்த அந்த நிலத்திலேயே அடுக்கு மாடிகள் எழுப்பியது. இன்று அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் கழகத்தின் வீடுகளில் வசிக்கிறார்கள். 1989 முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்து வாழும்படி விகிதம் வைத்தார்கள்.

கலந்து வாழ்வது என்றால் நமக்கும் தெரியாததல்ல. 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே தெரு, ஒரே தண்ணீர். கிராமத்துக்கு நல்லதென்று கண்டது பட்டணத்துக்கு ஆகாதா? பட்டணத்தில் "வீடு வாடகைக்கு விடப்படும்" என்ற பலகையின் கீழே "சைவம் மட்டும்" என்று எழுதி வைக்கிறார்களே, அது கறிக்கும் மீனுக்கும் பயந்து எழுதியதா? சாதியை நேரே கேட்க வெட்கப்பட்டு, சட்டியைக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். பணம் கையில் இருந்தும் வீடு கிடைக்காமல் அலைகிற தோழர்களும் வீடில்லாதவர் கணக்கில் சேர்ந்தவர்களே.

காப்பகம் போதுமா?

தெருவில் கிடப்பவர்களுக்கு என்ன வழி? லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம் வீதம், வருஷம் முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது 2010-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட அளவு. விரிந்த சென்னையின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம். அந்தக் கணக்குக்கே 67 காப்பகங்கள் வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியுடன் வந்தவர்களுக்கும், பெண்களுக்கும், சித்தம் கலங்கியவர்களுக்கும் தனித்தனியாக மாநகராட்சி காப்பகங்கள் ஏற்படுத்தியது நல்ல காரியம்; பாராட்டுகிறோம். ஆனால் காப்பகம் என்பது சத்திரம். சத்திரத்தில் ஓர் இரவு தங்கலாம்; குடும்பம் நடத்த முடியுமா?

பின்லாந்து தேசத்தார் இதை யோசித்தார்கள். முதலில் குடியை விடு, பிறகு வேலை தேடு, அப்புறம் வீடு தருகிறோம் என்று சொல்லுவதை நிறுத்தி, 2008 முதல், முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று ஆரம்பித்தார்கள். பழைய விடுதிகளையே சிறு வீடுகளாக மாற்றி, வாடகைச் சீட்டு எழுதி, சாவியைக் கையில் கொடுத்தார்கள். அப்போது சுமார் எட்டாயிரமாக இருந்த வீடில்லாதவர்கள், 2023-ல் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கீழ் வந்தார்கள். சாவி கையில் இருக்கிறவனுக்கு மறுநாளைப் பற்றி யோசிக்கத் தைரியம் வருகிறது. இது பெரிய சாஸ்திரமல்ல, சாதாரண அனுபவம்.

கட்டினால் மட்டும் போதாது, கட்டியதைப் பார்க்கவும் வேண்டும். 2021-ல் புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய மாடி வீடுகளில் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே வருஷம் டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரிய வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னரே வெளியேறியிராவிட்டால் எத்தனை உயிர் போயிருக்கும்? ஏழையின் வீடுதானே என்ற எண்ணம் சிமெண்டில் கலந்தால் சுவர் எப்படி நிற்கும்?

பாலவாக்கம் கேட்கவேண்டியவை

முடிவாக, நாம் இங்கே கைதட்டிவிட்டுப் போவதால் பிரயோஜனமில்லை. நீங்கள் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்லுகிறோம். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டிருக்கின்றன. 2011-ல் போன கிராம சபைக்கு ஈடாக நம் கைக்கு வந்தது இதுதான். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். அங்கே போய் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இந்த வார்டில் வீடில்லாதவர் எத்தனை பேர், ஒரு கூரைக்குள் இரண்டு மூன்று குடும்பமாக நெருங்கிக் கிடப்பவர் எத்தனை பேர், தகரக் கொட்டகையில் இருக்கும் கட்டட வேலைக்காரர் எத்தனை பேர்? தெருத் தெருவாக எண்ணிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். வெளியூர்க்காரன், வேற்று பாஷைக்காரன் என்று யாரையும் விட்டுவிடக் கூடாது. நம் வீட்டைக் கட்ட வந்தவன் நமக்கு அந்நியன் அல்ல.

இரண்டு: கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, 2011-லும் 2019-லும், கடலோரத் திட்டத்தில் மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்கு இடம் வகுக்க வேண்டும் என்று சொல்லுகிறது. பாலவாக்கம் குப்பத்துக்கு அந்தத் திட்டம் எங்கே? வரைபடத்தைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்கும்படி விரித்துக் காட்டச் சொல்லுங்கள். பங்களாவின் மதிற்சுவரை வரையத் தெரிந்த பேனாவுக்கு, வலை உலர்த்தும் இடத்தையும் பேரனுடைய வீட்டையும் வரையத் தெரியாதா?

மூன்று: 2008-ல் வந்த இரண்டாவது பெருந்திட்டத்தின் விதிப்படி, 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் குடியிருப்பு கட்டுகிறவர், நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு 45 சதுர மீட்டருக்கு மேற்படாத வீடுகளை அதே இடத்திலோ 2 கிலோமீட்டருக்குள்ளோ கட்டவேண்டும் என்று இருந்தது. இந்தப் பக்கத்தில் எழுந்த பெரிய கட்டடங்களில் அப்படிக் கட்டிய வீடு எத்தனை, அதில் குடியிருப்பவர் யார்?

நான்கு: இந்த எல்லைக்குள் சர்க்கார் புறம்போக்கு எவ்வளவு, யார் அனுபவிக்கிறார்? வேலை இருக்கும் இடத்திலேயே ஏழை குடியிருக்க அதில் எவ்வளவு தருவீர்கள்?

இந்நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு தடவையில் வராது. மூன்று தடவை போங்கள். தாய்மார்களே! முக்கியமாக நீங்கள் போகவேண்டும். வீட்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, மறைவுக்கு ஒரு கதவு இருக்கிறதா, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்பது ஆண்களைவிட உங்களுக்கே தெரியும். பட்டா எழுதும்போது உங்கள் பெயரில் எழுதும்படியும் கேளுங்கள்.

தோழர்களே! இரக்கப்பட்டு ஒரு போர்வை கொடுப்பதைப் பெரிய தர்மமென்று நினைக்கிறோம். போர்வை கொடுத்தவன் விடிந்ததும் அதே மனிதனுக்கு நம் தெருவில் ஒரு வீடு என்றால் சம்மதிப்பானா என்பதுதான் பரீட்சை. ஊருக்கு வெளியே எத்தனை ஆயிரம் மாடி வேண்டுமானாலும் கட்டலாம்; அதனால் சேரி ஒழிந்துவிடாது. ஊர் என்று ஒன்றும் சேரி என்று ஒன்றும் இல்லாமல் எல்லாரும் ஒரே தெருவில் குடியிருக்கும் நாள்தான் சேரி ஒழிந்த நாள். நம் தெருவில் நமக்குப் பக்கத்து வீடாக அந்த ஏழையின் வீடு வருவதை நாம் மனமார ஒப்புக்கொண்டால், நகர மன்றத்தைக் கேட்க நமக்கு யோக்கியதை உண்டு. ஒப்புக்கொள்கிறீர்களா என்பதை உங்கள் மனத்தையே கேட்டுக் கொண்டு வீட்டுக்குப் போங்கள்.